ஹரலம்பி எழுதிய நான்கு பெயர்களும் தள்ளுபடியான எங்கள் சட்ட முன்மொழிவும்

அனுப்புநர்
தெமெனுஷ்கா வாசிலேவா,
மளிகைக் கடை உரிமையாளர்,
மக்கள் முன்மொழிவுக் கையெழுத்துப் பொறுப்பாளர்,
ஸ்டூடென் ரித் கிராமம், ரோடோப்பி மலைப்பகுதி, பல்கேரியா.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மக்கள் முன்மொழிவுப் பரிசீலனைக் குழு,
தலைநகர்.

பொருள்: மலைக் கிராமங்களுக்கான ஆம்புலன்ஸ் சட்ட முன்மொழிவு, இறந்தவர்கள் கையெழுத்திட்டதாகக் காரணம் காட்டித் தள்ளுபடி செய்யப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு தங்கள் குழுவின் அலுவலர் ஒருவர் எங்கள் வட்டத் தலைநகருக்கு வந்து, ‘சட்டம் இயற்றுவதில் குடிமக்கள் பங்கு’ என்ற தலைப்பில் பயிற்சி வகுப்பு நடத்தினார். காபி கொடுத்தார்கள், துணிப்பை கொடுத்தார்கள், அதில் ‘உங்கள் குரலே நாளைய சட்டம்’ என்று அச்சிட்டிருந்தது. போதிய கையெழுத்து சேர்ந்தால் எந்தக் குடிமகனும் நாடாளுமன்றத்தின் முன் ஒரு சட்டத்தை வைக்கலாம் என்று அவர் விளக்கினார். ‘மக்கள் கூடும் இடத்தைத் தேடிப் போங்கள்’ என்பது அவர் இரண்டு முறை சொன்ன அறிவுரை. நாங்கள் அதை நம்பினோம். எங்கள் மேல் தவறு உண்டு என்றால் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

2. எங்கள் ஊரில் மக்கள் கூடும் இடம் எது என்று தாங்கள் அறிய நியாயமில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். சாராயக் கடையில் உட்கார ஆளில்லை. பிள்ளைகள் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒன்றாக ஊர் திரும்புவது, இறந்த உறவினர்களுக்காகக் கல்லறையில் பூசை வைக்கும் இறந்தோர் சனிக்கிழமைகளில் மட்டுமே. எனவே தவக்கால நோன்புக்கு முன் வரும் இறந்தோர் சனிக்கிழமையன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் கையெழுத்துத் தாள்களுடன் அமர்ந்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு மேசை. ஒரு முனையில் மெழுகுவர்த்தி விற்றார்கள். பாதிரியார் எவ்லோகி பூசையில் வாசிப்பதற்காக ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுப்பதும் அந்த முனையில்தான். மறு முனையில் நான்.

3. ஓய்வுபெற்ற மரம் வெட்டும் தொழிலாளி ஹரலம்பி, இறந்தோருக்குப் படைக்கும் வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி வரிசையில் வந்தார். எங்கள் கோரிக்கையைப் படித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். அதன் பிறகு, அந்த நாளில் அந்த மேசையில் பேனா பிடித்த எவரும் செய்வதையே செய்தார். அப்பா, அம்மா, அண்ணன், மனைவி ஸ்லாட்கா என நான்கு பெயர்களைக் கீழே எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பெயரைக் கொடுத்தவர் தாம் என்பதற்காகத் தம் கையெழுத்தைப் போட்டார். பின்னால் நின்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வீட்டுப் பெயர்களை எழுதினார்கள். நான் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பார்சலோனாவிலிருந்து வந்த ஒருத்தியிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். இப்படிக் கெட்டது ஒரு தாள். ஒன்றே ஒன்று.

4. அந்த ஒரு தாளுக்காகத் தாங்கள் எங்கள் ஊர்க் கட்டு முழுவதையும் தள்ளினீர்கள். ‘நம்பகத்தன்மை கெட்டுவிட்டது’ என்று சொல்லிச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களின் கட்டுகளையும் சேர்த்துத் தள்ளினீர்கள். எங்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று பக்கத்து ஊர்க்காரர்கள் என் கடையில் உப்பு வாங்கக்கூட வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

5. விளக்கம் அளிக்க நானே தலைநகருக்கு வந்தேன். தங்கள் அலுவலக உதவியாளர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘உங்க ஊர்ல உயிரோட இருக்கறவங்களவிட செத்தவங்களுக்குத்தான் சட்டத்துல அக்கறை அதிகம் போலிருக்கேம்மா’ என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயா, அவர் வேடிக்கையாகச் சொன்னது முழு உண்மை. எங்களிடம் இருந்த ஒரே ஆம்புலன்ஸை நகரத்துக்கு எடுத்துச் சென்ற பிறகு வந்த ஜனவரி மாதப் பனியில், காலை காபி வைத்துக்கொண்டிருந்த ஸ்லாட்கா அடுப்படியில் சாய்ந்தாள். ஹரலம்பி தொலைபேசியில் அழைத்துவிட்டு, வண்டி திருப்பம் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று முச்சந்தியில் போய் நின்றார். வண்டி வந்து சேர்ந்தபோது மருத்துவருக்கு மிச்சமிருந்த வேலை சான்றிதழ் எழுதுவதுதான். இந்தச் சட்டம் எவளுக்காகக் கேட்கப்பட்டதோ, அவள் பெயர் இருந்ததால்தான் அது செல்லாது என்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. இதைவிட மரியாதையாக அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

6. இதற்கிடையே போலிக் கையெழுத்து இட்டதாக ஹரலம்பியைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். அவர் நல்ல கோட்டு அணிந்து, சவரம் செய்துகொண்டு போனார். விசாரித்த இளம் அதிகாரியிடம் அவர் சொன்னதை, உடன் சென்றவள் என்ற முறையில் உள்ளபடி தருகிறேன்: ‘தம்பி, செத்தவங்க சனிக்கிழமை அன்னிக்கு கையில பேனா குடுத்தா அவ பேர எழுதாம உன் பேரயா எழுதுவேன்?’ அதிகாரி அதைப் பதிவு செய்யாமல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தங்கள் குழு மட்டும் இன்னும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. வழக்கைத் தொடரும்படி மீண்டும் எழுதியிருக்கிறது.

7. எனவே நான் கேட்பது இவ்வளவே. கெட்ட தாளைக் கிழித்துப் போடுங்கள். மற்றத் தாள்களை எண்ணுங்கள். அவற்றில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், தேர்தலில் தங்களைப் போன்றவர்களைத் தேடிப் போய் வாக்களிக்கிறார்கள். இனி எந்த ஊரின் முன்மொழிவையும் தள்ளுவதற்கு முன் அந்த ஊர்க்காரரை அழைத்துக் கேட்க வேண்டும், பிழையைத் திருத்த அவகாசம் தர வேண்டும் என்று விதியில் சேருங்கள். மக்களைச் சட்டம் எழுத வாருங்கள் என்று அழைப்பவர்கள், வந்தவர்களை வாசலில் வைத்துக் கள்ளர் போல் சோதிப்பது அழகில்லை. ஹரலம்பி மீதான வழக்கைத் திரும்பப் பெறுங்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிவதற்குள் எங்கள் சட்டத்தை அவையின் முன் வையுங்கள். பனி கூட்டத்தொடருக்காகக் காத்திருப்பதில்லை.

8. இவை முடியாது என்றால், வரும் நவம்பரில் இறந்தோர் சனிக்கிழமையன்று மீண்டும் அதே வாசலில் கையெழுத்து வாங்குவோம். தங்கள் குழுவிலிருந்து ஓர் அலுவலரை அனுப்பி வையுங்கள். தனி மேசை போடுகிறோம். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று அவரே கண்ணால் பார்த்து முத்திரை குத்தட்டும். கோதுமையும் ஒயினும் அவருக்கும் உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள்: இதயக் கோளாறோ இரத்தக் கொதிப்போ இல்லாதவராகப் பார்த்து அனுப்புங்கள். மலை மேல் அவருக்கு ஏதாவது நேர்ந்தால், முச்சந்தியில் போய் நிற்பதைத் தவிர எங்களால் அவருக்குச் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

இடம்: ஸ்டூடென் ரித்
நாள்: செப்டம்பர் 19

தங்கள் பதிலுக்காக இன்னும் உயிரோடு காத்திருக்கும்,
(ஒப்பம்)
தெமெனுஷ்கா வாசிலேவா