கேன் கழுத்தில் சிவப்புத் துணி

இன்று மாலை ஆலையில் என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். கத்தரிக்கோலின் திருகாணி இடுக்கில் அந்தச் சிவப்பு நூல் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு நீ கட்டிக்கொண்டு வரும் சேலையின் நூல். ஒன்றரை வருடமாக அதை நான் உருவி எடுக்கவில்லை.

நாளைக்கு மறுபடியும் ஆடிட். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு நீ பள்ளிக்கூடத்தை விட்டாய். நான் வேதியியல் படித்தேன். கடைசியில் இருவரும் ராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் துணி ஆலைக்குத்தான் வந்து சேர்ந்தோம். துணி வெளுக்கும் தொட்டியில் நீ, ஸ்டோரில் நான். ஆசிட்டும் வெளுப்பு மருந்தும் ஒரே மாதிரி நீலக் கேன்களில் வரும். இரண்டும் கலந்தால் எழுகிற புகை நுரையீரலைத் தின்றுவிடும். அதைச் சொல்லும் லேபிள் முழுக்க ஆங்கிலம்.

அதற்கு வழி கண்டுபிடித்தது நீ. அந்தச் சிவப்புச் சேலை நைந்ததும் கிழித்துக் கொண்டுவந்தாய். லோடு இறங்கும்போது நான் லேபிளை வாசிப்பேன். ஆசிட் என்றால் கேன் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டுவாய். துணி இல்லாத கேன் வெளுப்பு மருந்து. தொட்டிப் பக்கம் எல்லோருக்கும் அதுதான் சட்டம்.

"ஏட்டி, எம்புட்டுப் புஸ்தகம் வாசிக்கே! இந்த ரெண்டு வரியத் தமிழ்ல எழுதி ஒட்டுனா கை தேஞ்சா போயிரும்?" என்று ஒருநாள் கேட்டாய்.

"மேனேஜர்ட்ட கேக்கேன்" என்றேன். கேட்டேன். "அதான் கம்பெனி லேபிள் இருக்கேம்மா" என்றார். இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

பாதுகாப்புப் பயிற்சி என்று ஒருநாள் நடந்ததே. சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் ஆங்கில வீடியோ. பாதிப் பேர் தூங்கினார்கள். முகமூடியை மாட்டிவிட்டு போட்டோ எடுத்தார்கள். பிறகு கழற்றி வாங்கி ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். "வாடக நகை மாதிரில்லா போட்டு அழகு பாத்துட்டு வாங்கிட்டுப் போறாவ" என்றாய். எல்லோரும் சிரித்தோம். வருகைப் பதிவேட்டை உன்னிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கியது நான். பூட்டின சாவியும் என்னிடம்தான் இருந்தது.

அடுத்த வாரம், நம் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆலையைச் சோதிக்க வரும் ஆடிட். நீ அன்று லீவு. சோழபுரத்தில் உன் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து. கேன்களைப் பார்த்ததும் மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "இதென்ன, கோயில் மரத்துல தொட்டில் கட்டுன மாதிரி? வெளிநாட்டுக்காரன் சிரிக்கப் போறான். வெட்டி எடும்மா."

வெட்டினேன். புது ஆங்கில லேபிள்களைக் கோணாமல் ஒட்டினேன். கேன்களை வரிசையாக இடம் மாற்றி அடுக்கினோம். வந்தவர் என் லேபிள்களைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. துணியைக் காலையில் மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் என் பஸ் பத்து நிமிடம் தாமதம். நீ அதற்குள் வந்துவிட்டாய். தொட்டியில் ஏற்கெனவே வெளுப்பு மருந்து இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றவேண்டும். பக்கத்தில் ஒரு கேன். கழுத்தில் துணி இல்லை. தூக்கி ஊற்றினாய். ஆசிட்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் உயிரோடு இருந்தாய். விசாரணைத் தாளில் இப்படி எழுதினார்கள்: பயிற்சி பெற்ற தொழிலாளியின் கவனக்குறைவு. சாட்சியாக உன் கையெழுத்தின் நகலை இணைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து உன்னைவிடக் கவனமான ஆள் அந்த ஆலையில் யாரும் இல்லை. அதை எந்தத் தாளிலும் எழுத இடம் விடவில்லை.

இப்போது கேன்களில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு வரிக்கு எத்தனை நேரம் ஆனது தெரியுமா? ஒரு கேனுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. முகமூடி அலமாரிச் சாவி தொட்டிப் பக்கம் ஆணியில் தொங்குகிறது. உன் சட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். ஆசிட்டுக்குச் சிவப்புத் துணி, வெளுப்பு மருந்துக்கு வெள்ளைத் துணி. துணி இல்லாத கேனை யாரும் தொடக் கூடாது.

இன்று மாலை மேனேஜர் வந்தார். "நாளைக்கு ஒருநாள் மட்டும் துணிய அவுத்துரும்மா. பொறவு கட்டிக்கிடலாம்."

"முடியாது சார்."

"நீ வெட்டலைன்னா வேற ஆளு வெட்டப்போறான்."

கூமாப்பட்டியிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "வெட்டட்டும் சார். துணி இல்லாத கேன நாங்க தொட மாட்டோம். தொட்டி சும்மா கெடக்கும். ஆடிட்காரவிய வந்து அதப் பாக்கட்டும்."

அவர் ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்துவிட்டார். நாளை என்ன செய்வாரோ தெரியாது. கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், உன் நூலோடு.