அட்டைக்காகக் காத்திருந்தாள்

கடலூர் முதுநகர்,
அக்டோபர் 20.

அன்புத் தம்பி சேரனுக்கு,

அக்கா ஜெயராணி எழுதுவது. விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பின்னால் எழுதும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தவள் நான். இன்று நானே அப்படித்தான் எழுதப்போகிறேன். உன் மகள் சிந்துஜா நன்றாக இருக்கிறாள். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு நாள் ஆகிறது. நேற்று தையல் பிரித்தார்கள். இன்று காலையில் சங்கரா மீன் குழம்பு கேட்டு அவள் அம்மாவோடு சண்டை.

போனில் சொன்னபோது நீ பாதியிலேயே அழுதுவிட்டாய். அதனால்தான் எழுதி, உன்னோடு படகில் வேலை செய்யும், விடுமுறை முடிந்து பஹ்ரைன் திரும்பும் காத்தவராயனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடும் வரும்.

தவறு என்னுடையது, சேரா. சிந்துஜா சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தவுடன் மாணவர் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒன்று கொடுத்தார்கள். விடுதியில் தொலைத்துவிடுவாளே என்று, மதிப்பெண் சான்றிதழ்களோடு சேர்த்து என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒரிஜினல் என்றாலே பூட்டிவைக்கும் வாத்தியார் புத்தி.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்திருக்கிறது. அறைத்தோழி தீபிகா, திட்டக்குடிப் பெண், "ஆஸ்பத்திரிக்கு வாடி" என்று கூப்பிட்டிருக்கிறாள். இவளோ, "கார்டு அத்தைக்கிட்ட இருக்கு. வெள்ளிக்கெழம ஊருக்குப் போயி எடுத்துக்கிட்டு வந்து காட்டிக்கிறேன்" என்று சொல்லிச் சுருண்டு படுத்துக்கொண்டாள். ரேஷன் கடையில் அட்டை இல்லாமல் அரிசி கிடைக்காது என்று பார்த்து வளர்ந்த பெண் வேறெப்படி நினைப்பாள்? இரண்டாம் வகுப்பில் சில பிள்ளைகள் வெளியே போக அனுமதி கேட்கப் பயந்து உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிடுவார்கள். வலிக்கும் அனுமதி வேண்டும் என்று இவள் ஒன்றரை நாள் படுத்திருக்கிறாள்.

புதன்கிழமை மதியம் தீபிகா எனக்குப் போன் செய்தாள். சிந்துஜாவுக்கு வாந்தியும் காய்ச்சலும் என்றாள். நான் அட்டையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். வழி நெடுக, அங்கே எல்லோரும் இந்த அட்டைக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக, தீபிகா காத்திருக்கவில்லை. போனை வைத்த கையோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

நான் போய் இறங்கியபோது சிந்துஜா அறுவை சிகிச்சை அறைக்குள் இருந்தாள். காப்பீட்டு மேசையில் இருந்த பெண்ணிடம் மூச்சு வாங்க அட்டையை நீட்டினேன். "அம்மா, காலேஜ் ஐடிய வெச்சே லிஸ்ட்ல பேரு எடுத்துட்டோம், அப்ரூவலும் வந்துடுச்சி. நீங்க மொதல்ல உக்காந்து தண்ணி குடிங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அதற்குத்தான் குழந்தை ஒன்றரை நாள் துடித்திருக்கிறாள்.

பதினெட்டு முடிந்துவிட்டதால் சம்மதப் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாளாம். கோணல்மாணலாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இன்னும் அரை நாள் போயிருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். சரியான நேரத்தில் வந்துவிட்டாள், இனிப் பயமில்லை என்றும் அவரே சொன்னார்.

உன் மனைவி அமராவதி மீன் ஏலத்திலிருந்து அப்படியே ஓடிவந்தாள். மகள் கண் விழித்த பிறகு என் பக்கம் திரும்பினாள். "முப்பது வருஷம் ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினீங்க அண்ணி, ஒரு அட்டைய யாருகிட்ட குடுக்கணும்னு தெரியலியே ஒங்களுக்கு!" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

ஏன் முன்பே போகவில்லை என்று நீ சிந்துஜாவைக் கேட்காதே. நான் கேட்டுவிட்டேன். "அட்டை இல்லாம போனா காசு கட்டச் சொல்லுவாங்க. அப்பா அங்க கடல்ல கஷ்டப்படுறாரு, நான் செலவு வெக்கலாமா அத்தை?" என்றாள்.

இன்னொன்று. உன் இடது தோளைத் தூக்க முடியவில்லை என்றும், நாலு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு கையாலேயே வலை இழுக்கிறாய் என்றும் காத்தவராயன் சொன்னான். வலியை மறைக்க இந்தப் பெண் யாரிடம் கற்றாள் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தக் கடிதம் கிடைத்த வாரமே மருத்துவரிடம் போ. போய்வந்து சிந்துஜாவைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு வலிச்சிது, போயி காட்டிட்டு வந்தேன்" என்று சொல். அறிவுரை எதுவும் வேண்டாம். அவளுக்கு அது போதும்.

நலமாக இரு. நலமில்லை என்றால், சொல்லு.

உன் அக்கா,
ஜெயராணி