ஈரக் கையும் சல்சாவும்

ஜூன் 3, செவ்வாய்

லேபில் இன்று நல்ல கூட்டம். ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர், ஊசி போனதே தெரியவில்லை என்று சொல்லி, "உனக்கு நல்ல கைராசிம்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனார். கையுறைக்குள் அந்தக் கை குளமாக இருந்தது அவருக்கு எங்கே தெரியப்போகிறது? அவர் போனதும் கழற்றிக் கவிழ்த்தேன். சொட்டியது. வேறு மாட்டிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கையுறை போடுகிற வேலையாகப் பார்த்துத் தேடிக்கொண்டவள் நான். சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை இப்படித்தான். வெயில், குளிர் என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. பரீட்சை எழுதினால் தாள் கிழியும். சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ கையைப் பிடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், குழாய் திறந்துகொள்ளும்.

சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. அக்குள் பக்கம் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே ஒரு நரம்பை வெட்டுவார்களாம். கை அன்றைக்கே காய்ந்துவிடுமாம். ஆனால் சிலருக்கு அதற்குப் பதிலாக முதுகிலும் வயிற்றிலும் கொட்ட ஆரம்பிக்குமாம், அப்படி ஆகிவிட்டால் திருப்ப முடியாதாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார். நாற்பது வயசு வரைக்கும் யோசிச்சாச்சு டாக்டர் என்றேன். ஜூலை 17 என்று தேதி கொடுத்தார்.

ஜூன் 4, புதன்

நான் கட்டிக்கொண்ட இந்த மனுஷனை என்னதான் செய்வது?

டான்ஸ் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறார். போனோமா, மெஷினைச் சரி பண்ணினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டியதுதானே? பக்கத்து ஹாலில் ஜோடி ஜோடியாக ஆடுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சல்சாவாம். வியாழக்கிழமை தோறுமாம். வேலியில போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கறதுன்னா இதுதான்.

முடியாது என்றேன். போன வருஷமே டாக்டர் உன்னை நடக்கச் சொன்னாரே என்றார். நடக்கத்தானே சொன்னார், ஆடவா சொன்னார்? மகள் தன் பங்குக்கு, தன் ஸ்கூலில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். பன்னிரண்டு வயசுக்கு மானம் ரொம்பப் பெரியது.

கடைசியில் இவர், மளிகை வாங்குவதைத் தவிர நாம் இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்கிறோம் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், பால் பாக்கெட்கூட மளிகைக் கணக்கில்தான் வந்தது. அதனால் நாளைக்குப் போகிறோம்.

ஜூன் 5, வியாழன்

கீழே டயர் கடை. மாடியில் ஹால், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. முதலில் தனித்தனியாகக் கால் போடச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஐந்து, ஆறு, ஏழு. நாலு எங்கே போச்சு என்று இவர் எல்லார் முன்னாலும் கேட்டார். நாலில் காலை எடுக்காமல் சும்மா இருக்க வேண்டுமாம். எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வந்தது.

டீச்சர் கழுத்தில் ஒரு விசில். ஜோடி சேர்ந்த பிறகு அது ஊதினால், ஆண்கள் ஒரு இடம் நகர்ந்து அடுத்த பெண்ணிடம் போக வேண்டும். இதை முன்னாலேயே யாராவது சொன்னார்களா? புருஷனோடு ஆடத்தான் வந்தேன். அவர் கையைப் பிடிப்பதிலிருந்தே இத்தனை வருஷமாகப் பை, குடை, மகள் என்று ஏதாவது ஒன்றை வைத்துத் தப்பித்துக்கொண்டு வருகிறேன். இப்போது வரிசையில் இருக்கிற அத்தனை பேர் கையும்!

வலது கை அவர்கள் கைக்குள், இடது கை அவர்கள் தோளுக்குப் பின்னால். சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி விரல் நுனியை மட்டும் கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால்? நினைத்திருக்க மாட்டார்களா?

ஜூன் 6, வெள்ளி

கால் விண் விண்ணென்று வலி. இவர் மிதித்ததில் பாதி.

ஜூன் 12, வியாழன்

இடுப்பில் கைக்குட்டை. விசில் ஊதும் இடைவெளியில் எல்லாம் துடைத்தேன். துடைத்து முடிக்கும் முன்னாலேயே அடுத்தவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒன்று இரண்டு மூன்றா, ஐந்து ஆறு ஏழா, காலில் எங்கே மனசு போகிறது?

ஆட்களைக் கொஞ்சம் அடையாளம் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற ஒரு தம்பி. பெரிய உடம்பும் சின்னக் குரலுமாக ஒரு பேக்கரிக்காரர். கிளாஸுக்கு மூன்று டி-ஷர்ட் கொண்டுவந்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதால் அந்தப் பேக்கரிக்காரருக்கு 'மூணு சட்டை' என்று நானே பெயர் வைத்துவிட்டேன். இந்தக் கூட்டத்தில் என் காலை மிதிக்காத ஒரே ஆள் அவர்தான். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே மெதுவாகச் சொல்லியும் கொடுப்பார்.

இவர் தான் நன்றாக ஆடுவதாக நம்பிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. எழுதுகிற கையா இது?

மகளுடைய பவுடர் டப்பாவை எடுத்து, கிளாஸுக்குப் போகும் முன் இரண்டு கையிலும் கொட்டித் தேய்த்துக்கொண்டேன். போன பிறகு பாத்ரூமில் இன்னொரு தடவை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக உலர்ந்த கை! மகாராணி மாதிரி ஆடினேன். விசில் ஊத ஊத, நானே கையை நீட்டினேன். இவர்கூட ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு டீச்சர் ஏதோ காட்டுவதற்காக, ஆண்கள் எல்லாரையும் கண்ணாடிப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். நாங்கள் பின்னால். வகுப்பில் ஆண்களுக்குக் கொடுத்திருப்பதோ கறுப்பு டி-ஷர்ட். ஒவ்வொருவர் வலது தோளுக்குப் பின்னாலும் வெள்ளை வெளேரென்று ஒரு கை. ஐந்து விரலும் பளிச்சென்று. எல்லாரும் ஏதோ கட்சியில் சேர்ந்த மாதிரி வரிசையாக நின்றார்கள்.

யாரோ, இது யார் கை என்று கேட்டுச் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை, எனக்கே தெரிந்தது. ஆனாலும் என் வலது கையைப் பார்த்தேன் — பவுடரும் வேர்வையும் சேர்ந்து பசையாகியிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். கையும் களவுமா மாட்டறதுன்னு சொல்றாங்களே, அது நான்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

இவர் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். டயர் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆபரேஷன், நரம்பு, ஜூலை 17, எல்லாம். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள், முகம் வெளுத்துப்போனது. எனக்காகவா என்று கேட்டார். பையைக் கொடுங்க என்றேன்.

கொடுக்காமல் அதை ஒரு டயர் மேல் வைத்தார். அப்புறம் சொன்னார்: "உன் கை ஈரமா இருந்ததெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. நீ இழுத்துக்கிட்டது எல்லாம் ஞாபகம் இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. வேற என்ன சொல்வார்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. புருஷன் சொல்றதெல்லாம் ஒரு கணக்கா? அவர் ஞாபகம் இல்லேன்னா என் கை காய்ஞ்சுடுமா?

இனி அந்தப் பக்கமே போகப்போவதில்லை.

ஜூன் 26, வியாழன்

நான் போகவில்லை. இவர் போனார். போங்க என்று நான்தான் தள்ளிவிட்டேன்.

திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒன்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூணு சட்டை இவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். "அவங்க என்னாலதான் வரலையா? என் சட்டை எப்பவும் தொப்பலா இருக்கு, அதுல கை வைக்கறது யாருக்கும் சங்கடம்தான். நான் வேணா வேற நாளுக்கு மாறிக்கறேன்" என்றாராம். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம்.

அட ஆண்டவனே.

உட்கார்ந்து யோசித்தேன். அவர் சட்டை நனைந்திருக்குமா? நனைந்துதான் இருக்கும், இல்லாவிட்டால் எதற்கு மூன்று? நான்தானே அதில் கை வைத்தேன்? எனக்கு அது நினைவிலேயே இல்லை. காலை மிதிக்க மாட்டார், முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பார் — இதுதான் நினைவில் இருக்கிறது. பெயர்கூட வைத்தேனே, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனுஷன் கூசிக்கொண்டு நிற்கிறான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேனா?

இவர் சொன்னது பொய் இல்லையோ?

ஜூன் 27, வெள்ளி

போய்ச் சொல்லியே ஆக வேண்டும். பாவம், அவர் ஏன் மாறணும்?

ஜூலை 3, வியாழன்

அப்பாடா!

கிளாஸ் ஆரம்பிக்கும் முன்னாலேயே மூணு சட்டையைப் பிடித்தேன். நீங்கள் காரணமே இல்லை, அந்த வெள்ளைக் கை என்னுடையது, என் கை இப்படித்தான் என்று உள்ளங்கையை விரித்தே காட்டிவிட்டேன். அப்படி யாருக்கும் காட்டியது இல்லை. மனுஷன் குனிந்து, அடுப்பில் பன் வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி அக்கறையாகப் பார்த்தார். அப்புறம், "இவ்வளவுதானா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும்தான். இரண்டு பேரும் அசடு மாதிரி சிரித்துக்கொண்டு நின்றோம்.

பவுடர் இல்லை, கைக்குட்டை இல்லை. கை வழக்கம்போல ஊற்றியது. ஊற்றினால் ஊற்றட்டும் என்று முழுசாகக் கொடுத்தேன். கண்மூடித் தம்பிக்கு ஒரு சுற்றில் கை வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போனான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பாதியில் டீச்சர் என்னிடம் வந்தார். கை நனைந்தால் ஒன்றும் குடி முழுகாது, இத்தனை நாள் பயந்து பயந்து இழுத்துக்கொண்டிருந்தீர்களே, அதில்தான் உங்களோடு ஆடுகிறவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்றே தெரியவில்லை என்றார். இன்றைக்குத் தெரிகிறது என்றும் சொன்னார். பக்கத்தில் இவர், தனக்குத்தான் பாராட்டு என்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். அப்படித்தான் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

முழுச் சுற்று வந்துவிட்டது! இரண்டு தடவை. மூன்றாவது தடவை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

மத்தியான இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஆபரேஷன் வேண்டாம் என்றேன். அந்தப் பெண், காரணம் என்னன்னு போடட்டும் என்று கேட்டாள். காய்ச்சலா, வேற ஏதாவது சிகிச்சையா என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். இரண்டும் இல்லை என்றேன். வாயில் வந்தது: "அன்னிக்கு எனக்கு டான்ஸ் கிளாஸ் இருக்கும்மா."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அப்ப அடுத்த வியாழன் தரட்டுமா என்றாள். எல்லா வியாழனும் இருக்கும்மா என்றேன்.

நாளைக்கே தேவைப்பட்டால் டாக்டர் எங்கும் ஓடிவிடப்போவதில்லை. ஆனால் இப்போதைக்கு என் முதுகு என் முதுகாகவே இருக்கட்டும். இவரிடம் சொன்னேன். நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மகள் வந்து, அப்பா ஏன் பாத்ரூமில் பாடுகிறார் என்று கேட்டாள்.

ஜூலை 17, வியாழன்

கிளாஸ் முடிந்து இறங்கினோம். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், நடக்கலாம் என்றேன். தெருவில் கொஞ்ச தூரம் போனதும், நானாகவே அவர் கையைப் பிடித்தேன்.

பதறிவிட்டார். "என்னாச்சு, தலை சுத்துதா?"

இல்லை என்றேன். கால் பிசகிவிட்டதா என்றார். அதுவும் இல்லை என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கண்ணாடிப் பாத்திரம் கொண்டுபோகிற மாதிரி விறைப்பாக நடந்தார். பிறகு, யாரோ வாஷிங் மெஷினுக்குள் சாவிக்கொத்தைப் போட்டுச் சுற்றவிட்ட கதையை ஆரம்பித்தார்.

மருந்துக்கடை தாண்டும்போது கை நன்றாக நனைந்துவிட்டது. எனக்கே தெரிந்தது. கதையை நிறுத்தாமலே அவர் கையை விட்டார். நான் பையை அந்தக் கைக்கு மாற்றப் போனேன்.

உள்ளங்கையைப் பேன்ட்டில் ஒரு தேய் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாவி மெஷினுக்குள் எங்கே போய்ச் சிக்கியிருந்தது என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.