வெள்ளைப் பெட்டியின் கதவு

மேப்பிள் க்ரெஸ்ட், பென்சில்வேனியா
மே 30, 1954

அன்புள்ள சபீனா அக்காவுக்கு,

நாங்கள் நலம். தையல் ஆலையில் ஆள் குறைக்கப் போகிறார்களாமே, உன்னை விட்டுவைப்பார்களா?

புது ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது! எலுமிச்சை மஞ்சள். இந்த வருஷம் அதுதான் நிறம். தெருவிலேயே வெள்ளைப் பெட்டி வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். எதிர்வீட்டு டோரிஸ் ஒரு நாள் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இதையா வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். எனக்கு மானமே போய்விட்டது. அன்றிலிருந்து ஹோவர்டை நச்சரித்து வாங்கவைத்தேன்.

பழசு நன்றாகத்தான் ஓடியது. அதை உனக்கென்று கார் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். உள்தட்டுகளையெல்லாம் கழற்றிக் கழுவி எடுத்து வைத்துவிட்டேன். ஆகஸ்டில் லாரி கிடைக்கும். அப்புறம் நீ ஐஸ் கட்டி கொண்டுவருகிற ஐஸ்காரருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

ரோனிக்கு ஐந்து வயது முடிந்தது. கடையில் தட்டோடு உறையவைத்து விற்கிற சாப்பாட்டைத்தான் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறான். நான் சமைத்தால் முகத்தைச் சுளிக்கிறான். காலம் அப்படி.

அன்புத் தங்கை,
ஐரீன்

---

ஸ்க்ரான்டன்
ஜூன் 5, 1954

என் இரேன்காவுக்கு,

ஐரீன் என்ற கையெழுத்தைப் பார்த்து, யாரோ சீமாட்டி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆலையில் இன்னும் என்னைத் துரத்தவில்லை. பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, ரோனியைப் பார்க்க வரலாம் என்றிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கே பக்கத்து ஊரில், யாரோ தூக்கிப் போட்ட அந்த மாதிரிப் பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகள் விளையாட்டாக ஏறி ஒளிந்துகொண்டன. கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தால் உள்ளேயிருந்து திறக்கவே முடியாதாமே, உனக்குத் தெரியுமா? கத்தினாலும் வெளியே கேட்காதாம். ஊரே காட்டிலும் ஆற்றிலும் தேடியது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். முகத்தில் ஒரு கீறல் இல்லை. அப்பாவைச் சுரங்கத்திலிருந்து தூக்கி வந்தபோது எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தன. காற்றில்லாமல் போனவர்கள் தூங்குகிற மாதிரிதான் இருப்பார்கள்.

கதவைக் கழற்றிவிடு. ஹோவர்டிடம் இன்றைக்கே சொல்.

உன் அக்கா,
சபீனா

---

மேப்பிள் க்ரெஸ்ட்
ஜூன் 11, 1954

அன்புள்ள அக்காவுக்கு,

கதவைக் கழற்றிவிட்டால் உனக்கு எதைக் கொடுப்பது, கதவில்லாத அலமாரியையா? ஹோவர்ட் சிரித்தார். "உங்க அக்கா அந்தக் கரி ஊர்ல இருந்துகிட்டு நிழலப் பாத்தாலும் பயப்படுறாங்க" என்றார். அதன் பக்கம் போகக்கூடாது என்று ரோனியிடம் கண்டித்துச் சொல்லியிருக்கிறேன். போதாதா?

அப்பாவை ஏன் இழுக்கிறாய்? அதையெல்லாம் மறக்கத்தானே இத்தனை தூரம் வந்தேன்.

பத்தொன்பதாம் தேதி எங்கள் புல்வெளியில் இறைச்சி சுடுகிறோம், தெருவே வருகிறது. நீ வேறொரு வாரம் வாயேன். தலைத்துணியும் கைப்பையுமாக நீ நடந்து வந்தால் இவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தப்பாக நினைக்காதே.

ஐரீன்

---

ஸ்க்ரான்டன்
ஜூன் 14, 1954

இரேன்கா,

உன் விருந்துக்கு நான் வரவில்லை, பயப்படாதே.

பெட்டி எனக்கு வேண்டாம். எப்போதுமே வேண்டியிருக்கவில்லை, உன் மனம் நோகுமே என்றுதான் சும்மா இருந்தேன். ஐஸ்காரர் வந்தால் நின்று நாலு வார்த்தை பேசுவார், எனக்கு அது போதும். ஆகவே அது எனக்காக அங்கே நிற்க வேண்டியதில்லை. கழற்று.

விருந்துக்குத் தெருப்பிள்ளைகள் அத்தனையும் வருமே! பெரியவர்கள் பேச்சில் இருப்பீர்கள், யார் பார்ப்பது? கண்ணை மூடினால் தாழ் விழுகிற சத்தம் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறதடி. கழற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சபீனா

---

மேப்பிள் க்ரெஸ்ட்
ஜூன் 20, 1954

அக்கா,

உனக்கு நான் பதில் போடவில்லை. வீம்புதான்.

வெள்ளிக்கிழமை விருந்துக்குச் சாமான் வாங்கிவிட்டு ரோனியோடு திரும்பினேன். டோரிஸ் வேலியோரம் நின்றாள். "தலையில துணி கட்டின ஒரு அம்மா உங்க வீட்டுப் பின்னால எதையோ கழட்டிக்கிட்டு இருந்தாங்க. வேலைக்காரியா?" என்றாள்.

"ஆமா" என்றேன். அக்கா, ஆமாம் என்றுதான் சொன்னேன்.

போய்ப் பார்த்தால் கதவு சுவரில் சாய்ந்திருந்தது. திருகாணிகளைக் கைக்குட்டையில் முடிந்து கைப்பிடியில் கட்டியிருந்தாய். அப்பாவின் திருப்புளி புல்லில் கிடந்தது. ஆள் குறைக்கிற நேரத்தில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாய். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், நான் வருவதற்குள் போய்விட்டாய். அப்போது எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. கண்டபடி உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதி, தபால்தலையும் ஒட்டினேன்.

நேற்று விருந்து. புகை, பாட்டு, ஒரே சிரிப்பு. பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். ரோனி எங்கே என்று நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டோரிஸிடம் மஞ்சள் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். அவன் அழுதுகொண்டே வந்து என் பாவாடையைப் பிடித்தான்.

"நான்தாம்மா முதல்ல அவுட்டு! வெள்ளைப் பெட்டிக்குள்ளதான் ஒளிஞ்சேன். கதவே இல்ல, டக்குனு கண்டுபிடிச்சிட்டாங்க. யாரும்மா கதவக் கழட்டுனது?"

தரையில் உட்கார்ந்து அவனை இறுக்கிக்கொண்டேன். "பெரியம்மாடா" என்றேன். டோரிஸ் குனிந்து, "யாரு?" என்று கேட்டாள். "என் அக்கா. நேத்து நீங்க பாத்தது எங்க அக்காவத்தான்" என்றேன்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வா. தலைத்துணியோடு வா, முன்வாசல் வழியாக வா. தெருமுனை வரைக்கும் நானே வந்து நிற்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். ரோனி பக்கத்தில் தூங்குகிறான். வரிக்கு ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு, அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

உன்
இரேன்கா