கோபுரத்துக்கு மேல் தெரிந்த புளியமரம்

30-8-87, ஞாயிறு

மல்லாட்டைக் கடலை மூட்டையோடு கடலூர் போனவன் பாய்மரப் படகு வாங்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று மணலூர்பேட்டையே சிரிக்கிறது. "கெணத்துல நீந்தறவருக்குப் படகு இன்னாத்துக்கு?" என்கிறாள் என் மனைவி கமலா. எங்கள் பெண்ணையாறுதானே அங்கே கடலில் சேருகிறது, ஊர் ஆறு என்னை என்ன செய்துவிடும் என்று வாங்கினேன். இன்றுதான் அந்த முகத்துவாரத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மணல் திட்டு. வழி தப்பித் திட்டில் ஏறினால் அலை படகைக் கவிழ்த்துவிடும். ஆழம் நடுவில் ஒரே வழியில்தான்.

ஓட்டச் சொல்லித்தரும் வெற்றிசெல்வனுக்கு என் வயதில் பாதி. "உள்ள வரும்போது கோயில் கோபுரத்துக்கு நேர் மேல ரோட்டுப் புளியமரம் தெரியணும்ணா. மரம் வெலகிச்சுன்னா நீங்க வழி தப்பிட்டீங்க." எழுதிக்கொண்டேன்.

13-9-87

கோபுரம், மரம். மூன்று முறை சரியாக நுழைந்தேன்.

17-9-87

இடஒதுக்கீடு கேட்டு இன்று முதல் சாலை மறியல். எங்கள் ரோட்டில் நாலு புளியமரம் சாய்த்தோம். ரம்பத்தின் ஒரு பிடி என் கையில். பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மரங்கள் விழுந்த சத்தம் — சாப்பாடு இறங்கவில்லை.

18-9-87

போலீஸ் வீடு வீடாகத் தேடுகிறது. "ஆத்தோரமாவே நடந்து கடலூர் போய்டுங்க. ரோட்டுப் பக்கம் தலை காட்டாதீங்க" என்று கமலா சோறு கட்டினாள். கடலில் வந்து யார் தேடப்போகிறார்கள்?

20-9-87

பகல் முழுக்கத் தனியாகக் கடலில் ஒளிந்திருந்தேன். சாயங்காலம் திரும்பினால் கோபுரம் இருக்கிறது, மரத்தைக் காணோம். நான்தான் வழி தப்பிவிட்டேன் என்று தெற்கே போனேன், வடக்கே வந்தேன். எங்கிருந்து பார்த்தாலும் இல்லை. வெட்டிட்டானுங்க. இங்கயும் வெட்டிட்டானுங்க. காற்று கரைப்பக்கம் தள்ளுகிறது, எந்த வழியாக நுழைவது? கமலா, நான் போயிட்டேன்டி என்று வாய்விட்டே சொன்னேன்.

கரையில் வெற்றிசெல்வன் ஓடி வந்தான். கைலியை அவிழ்த்துத் துடுப்பில் கட்டி, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, உயரத் தூக்கிப் பிடித்து நின்றான். கோபுரத்துக்கு நேரே அந்தக் கைலி தெரியும்படி படகைத் திருப்பினேன். அடிப்பலகை மணலில் உரசியது. எப்படியோ வந்துவிட்டேன்.

"மரத்த வெட்டினவன் ஒருநாள் கடல்ல மாட்டணும்ணா, அப்பத் தெரியும் அவனுக்கு" என்றான். நான் குனிந்து பாயைச் சுருட்டினேன்.

22-9-87

தூக்கமில்லை.

4-10-87

மறியல் அடங்கி பஸ் ஓடுகிறது. இன்று படகில் வைத்து அவனிடம் சொல்லிவிட்டேன். "எங்க ஊர்ல நானும் ரம்பம் புடிச்சேன், தம்பி."

அவன் பாய்க் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான். இனி என் படகில் ஏறமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

"நோட்ட எடுங்க. வேற அடையாளம் சொல்றேன். கோபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கால தண்ணி டேங்க்கு தெரியணும். இனிமே மரம் வேணாம்ணா. நீங்க வெட்டிடுவீங்க."

எழுதிக்கொண்டேன்.