ராஜியாகாத ராஜினாமா

எங்கள் வீட்டு மந்திரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் இங்கே கம்பெனி கொடுத்த அறையில் என் மானம் போனது. செய்தியில் யாரோ அமைச்சர் ராஜினாமா என்றார்கள். "ராஜாவுக்கே நாமம் போடுறதுதான் ராஜினாமா" என்று நான் விளக்கம் சொன்னேன். பக்கத்துக் கட்டில் வெல்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"அண்ணே, அது பாரசீகச் சொல்லு. ராஜின்னா சம்மதம். கேஸ்ல ராஜியாப் போறாங்களே, அதே ராஜி. நாமான்னா எழுதின தாள். மொத்தத்துல சம்மதப் பத்திரம்!"

நேற்று அது கைகொடுத்தது. கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். அவர்களாக அனுப்பினால் ஊருக்கு விமான டிக்கெட்டும் நஷ்டஈடும் தர வேண்டும். நானாகப் போனால் ஒன்றுமில்லை. நம் மொழிக்கார சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார்.

"ராஜினாமாதான் அண்ணே. சும்மா ஒரு கையெழுத்து."

"ராஜின்னா சம்மதம் தம்பி. எனக்குச் சம்மதமில்ல. அப்புறம் எப்படி இது ராஜினாமா ஆகும்?"

"உங்ககிட்ட யாரு அகராதி கேட்டா?"

"வேணும்னா, 'நாங்கதான் வேலைய விட்டுத் தூக்குறோம்'னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றும் வழக்கம்போல் வேலைக்குப் போகிறேன், கவலைப்படாதே.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால், நீ போர்த்திக்கொள்ளும் என் பழைய போர்வையைக் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம், அப்படியே கொடு.

வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். ஒன்றை மட்டும் அந்த சூப்பர்வைசரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. தாளை நீட்டாமல், "வீட்டுக்குப் போறீங்களா அண்ணே?" என்று கேட்டிருந்தால், நின்ற இடத்திலேயே ராஜியாகியிருப்பேன்.