சுண்ணாம்புக் கோடுகள்

மாசி 11, ஞாயிறு.

பஷீரிடம் இன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் கண்ணாடியை துபாயிலிருந்து எனக்காகக் கொண்டுவந்தவன் அவன். அதை வைத்து நான் செய்த நிறமாலைமானியைச் சூரியன் பக்கம் திருப்பினால், லேப்டாப் திரையில் வண்ணப் பட்டை நெடுகப் படுக்கைவாட்டில் மூன்று கறுப்புக் கோடுகள் வருகின்றன. ஒளி நுழையும் இடுக்கை இரண்டு பிளேடுகளை வைத்து இன்னும் குறுக்கிய நாளிலிருந்து, மூன்று வாரமாக இதே தொல்லை.

"வழியில எங்கயோ கீறல் விழ வச்சுட்டடா" என்றேன். அவன் எழுந்து படியிறங்கினான். பின்னாலேயே போனேன். வாசலில் பைக் சீட்டைத் துடைத்தபடி, "எப்படி மாப்ள இந்தத் தூசியில இருக்கீங்க? அரை மணி நேரத்துல வெள்ளையாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன.

மாடிக்கு ஓடினேன். பிளேடு விளிம்பில் படிந்திருந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தடவி எடுத்தேன். ஒரு கோடு காணாமல் போனது. இன்னும் இருமுறை தடவியதும் மற்ற இரண்டும் போயின. இப்போது ஊதா ஓரத்தில் வேறு இரண்டு கோடுகள் செங்குத்தாக, அத்தனை தெளிவாக நின்றன. அவை சூரியனிலுள்ள கால்சியத்தின் கோடுகள். எங்கள் தெருத் தூசியில் இருப்பதும் அதே கால்சியம்தான்!

பஷீருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப சூரியன்லயும் லாரி ஓடுதா?" என்று சிரித்தான். பிறகு, "கீறல் ஒண்ணும் இல்லல்ல?" என்றான்.

"இல்லடா."

கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசினான். வைப்பதற்கு முன் மறுபடியும் அதையே கேட்டான்.